தவளை முட்டையும் தாய் எழுதிய ஏடுகளும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், அலுவிகாரை என்னும் குகை விகாரை உண்டு. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் எனப்படும் வலகம்பா மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. பஞ்சத்தாலும் படையெடுப்பாலும் பாடம் சொல்லும் பிக்குகள் பலர் மடிந்தனர்; அவர்களோடு பாடமும் மடிந்துவிடும் என்னும் அச்சமே எழுத்தாணியைக் கையில் எடுக்கச் செய்தது. அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காக்கப்பட்ட விகாரையின் நூற்றொகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையினரால் அழிவுற்றது. அழிந்த ஏடுகளில் எவை எவை இருந்தன என்பதை, எஞ்சிய ஏடுகளைக் கொண்டும் பிற இடங்களிற் கிடைத்த படிகளைக் கொண்டுமே அறிஞர் ஊகிக்க வேண்டியதாயிற்று.

ஏட்டை இழந்தபின் அந்த ஏடு என்ன சொல்லியது என்று தேடுவது வரலாற்றாசிரியனுக்கு நேர்ந்த துன்பம். வேண்டுமென்றே ஓர் ஏட்டை அழித்து, அதன் வழியாக அந்த ஏடு என்ன சொல்லியது என்று அறிவது உயிரியலாளன் கண்ட வழி. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இவ்வீதியால் நாள்தோறும் மாத்தளைக்குப் பாடசாலை சென்று, பின்னர் பேராதனையில் விலங்கியல் பயின்ற மாணவி ஒருத்திக்குக் கிட்டியது. அவள் அங்கு கற்றவற்றுள் அவளை நெடுநாள் உறங்கவிடாது செய்தது தவளையின் முட்டை.

தவளையின் முட்டை வெறும் உணவுப் பொதியன்று. தாயின் சூலகத்தில் மாதக்கணக்கில் முதிரும் முட்டைக்குழியம், மஞ்சட்கருவோடு ஆயிரக்கணக்கான வகைத் தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பரம்பரையலகுகள் அடங்கிய டி.என்.ஏ. மூல ஏடு, அது கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. அதிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்து வெளியே கொண்டுவருவது தூது ஆர்.என்.ஏ. அப்படியைப் பார்த்தே கலம் புரதத்தை ஆக்குகிறது. தென்னாபிரிக்க நகத்தவளையின் முட்டை கருக்கட்டப்பட்ட பின்னர் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. பன்னிரண்டு முறை பிரிந்து ஏறத்தாழ 4,000 கலங்கள் ஆகும்வரை அம்முளையம் தன் சொந்த மூல ஏட்டைப் பெரும்பாலும் திறந்து பார்ப்பதே இல்லை. 1982ஆம் ஆண்டில் நியூபோர்ட், கேர்ச்னர் என்னும் இருவர் இதனைத் தெளிவாகக் காட்டினர். அவ்வேழு மணி நேரமும் பிள்ளை நடப்பது தாய் எழுதி வைத்த படிகளின்படியே. எது முதுகு, எது வயிறு, எங்கே குடல், எங்கே தலை என்னும் முடிவுகளுக்கான அடிப்படை, தந்தையின் பங்கு பேசத் தொடங்குமுன்னரே இடப்பட்டுவிடுகிறது.

அங்ஙனமாயின், அவ்வாயிரக்கணக்கான படிகளுள் எப்படி எதனைச் சொல்கிறது? இதுவே வினா. எளிய விடை ஒன்றுதான் உண்டு. ஒரு படியை மட்டும் அகற்றிவிட்டு, மற்றவற்றைத் தொடாது விட்டு, என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரம் ஓலைகள் கட்டிய சுவடியிலிருந்து ஓர் ஓலையை உருவியெடுப்பதற்கு ஒப்பானது இது. வேறுபாடு யாதெனில், ஓலை கண்ணுக்குத் தெரியும். இங்கு கையும் கண்ணும் புகமுடியா.

புகக்கூடியது இன்னொரு மூலக்கூறே. ஆர்.என்.ஏ.யில் அடெனின், குவானின், சைற்றோசின், யூராசில் என நான்கு எழுத்துகள். அடெனின் யூராசிலோடும் (டி.என்.ஏ.யில் தைமினோடும்), குவானின் சைற்றோசினோடும் மட்டுமே இணைசேரும். ஆகவே, அழிக்க வேண்டிய படியின் ஏதேனும் ஒரு சிறு பகுதியைத் தெரிந்தெடுத்து, அதற்கு எழுத்துக்கு எழுத்து இணையாகும் ஒரு குறுந்தொடரை ஆய்வுகூடத்தில் தொகுத்து உட்செலுத்தினால், அது பல்லாயிரம் படிகளிடையே தன் இணையைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். பதினைந்து முதல் இருபது எழுத்துவரை நீளமுள்ள இத்தொடரை ஒலிகோநியூக்கிளியோதைட்டு என்பர். இதற்கு முன்னொட்டாக வரும் ஆங்கிலச் சொல்லைச் சிலர் 'எதிர்ப்பொருள்' என்று தமிழாக்கியுள்ளனர். அது பொருந்தாது, எதிர்ப்பொருள் என்றால் தமிழில் நன்மைக்குத் தீமைபோல் எதிர்ச்சொல்லின் பொருளையே குறிக்கும். இங்கே பொருளுக்கு எதிரானது எதுவும் இல்லை. அச்சுக்கோத்த எழுத்து, அச்சான எழுத்தின் மறுபக்கமாய் இருப்பதுபோல, படியின் மறுபக்கமாய் அமைந்த இழை இது. 'எதிரிழை' என்பதே போதுமானது.

ஒட்டிக்கொண்டால் மட்டும் ஏடு அழிந்துவிடுமா? அழிப்பது எதிரிழையன்று. கலத்தினுள்ளேயே இருக்கும் ஒரு நொதியம் அவ்வேலையைச் செய்கிறது. 1969ஆம் ஆண்டில் ஸ்ரைன், ஹௌசன் ஆகியோர் கன்றின் தைமசுச் சுரப்பியிற் கண்டறிந்த ஆர்.என்.ஏ.சு-எச் என்னும் அந்நொதியம், டி.என்.ஏ. இழையும் ஆர்.என்.ஏ. இழையும் பின்னிக் கிடக்கும் இடத்தைக் கண்டால் ஆர்.என்.ஏ. இழையை மட்டும் துண்டிக்கும் இயல்பினது. டி.என்.ஏ. இழை காயமின்றி விடுபட்டு அடுத்த படியைத் தேடிப் போகும். கலத்திற்கு உரிய வேறு பணிகளுக்காக இயற்கை வைத்திருந்த கத்தரிக்கோலை ஆய்வாளன் தன் காரியத்திற்குக் கடன் வாங்குகிறான் எனலாம்.

இக்கருத்தின் வரலாறு தவளையோடு தொடங்கியதாயினும் அழிப்போடு தொடங்கவில்லை. 1971ஆம் ஆண்டில் ஜோன் கேர்டனும் அவர்தம் துணைவரும் முயலின் ஈமோகுளோபினுக்குரிய தூது ஆர்.என்.ஏ.யைத் தவளை முட்டைக்குழியத்துட் செலுத்தினர். தவளையின் கலம் தயக்கமின்றி முயலின் புரதத்தை ஆக்கித் தந்தது. அந்நிய ஏட்டையும் படிக்கும் அளவுக்கு அக்கலம் எழுத்தறிவுடையது என்பது தெரிந்தபின், அதனிடமிருந்து ஏட்டைப் பறிப்பது பற்றிய எண்ணம் எழுவது இயல்பே. 1978இல் போல் சமெக்னிக், மேரி ஸ்ரீவன்சன் இருவரும் பதின்மூன்று எழுத்துள்ள எதிரிழை ஒன்றைக் கோழி முளையக் கலங்களுக்கு ஊட்டி, ரூசு சாக்கோமா வைரசின் பெருக்கத்தைத் தடுத்தனர். பின்னர் 1985 முதல் 1988 வரையிலான காலப்பகுதியில் பல ஆய்வுகூடங்கள் இம்முறையைத் தவளை முட்டைக்குழியத்திற் பயன்படுத்தின. 1988இல் பிரித்தானியாவில் சட்டில்வேர்த்தும் கோல்மனும், எதிரிழை செலுத்திய முட்டைக்குழியங்களிலும் முட்டைகளிலும் குறித்த தூது ஆர்.என்.ஏ. துண்டிக்கப்படுவதை விரிவாக விளக்கிக் காட்டினர்.

ஆனால் இங்கேதான் இடர்ப்பாடு. முட்டை இடப்பட்ட பிறகு எதிரிழையைச் செலுத்தினால் இரண்டு தீமைகள் நேர்கின்றன. படி அழிந்தாலும், அப்படியைப் பார்த்துத் தாய் முன்னரே ஆக்கி வைத்த புரதம் மிஞ்சியிருந்து வேலையைச் செய்துவிடக்கூடும். அன்றியும், விரைந்து பிரியும் இளமுளையத்திற்கு எதிரிழையே நஞ்சாகவும் அமையலாம். ஆகையால் முட்டை பிறக்குமுன், அது சூலகத்தில் முட்டைக்குழியமாக இருக்கும்போதே அழிப்பைச் செய்து முடிக்க வேண்டும். சூலகத்திலிருந்து வெளியே எடுத்த முட்டைக்குழியமோ விந்தினாற் கருக்கட்டப்படுவதில்லை. முட்டை தாயின் சூலகக்கானின் வழியாக இறங்கி வருகையில் அதனைச் சுற்றிப் படியும் கூழுறை இன்றேல் விந்து உட்புகாது. எடுத்தாற் கருக்கட்டாது, எடுக்காவிட்டால் ஊசி செல்லாது என்னும் இக்கட்டு.

இதனைத் தீர்த்த வழி, அறிவியலில் அரிதாகக் காணப்படும் கைத்திறன் வாய்ந்தது. ஜனற் ஹீஸ்மன், கிறிஸ்ரோபர் வைலி ஆகியோர் 1991ஆம் ஆண்டளவில் இதனைச் செம்மைப்படுத்தினர். பெண் தவளை ஒன்றை மயக்கி அதன் சூலகத்தின் பகுதியை வெளியே எடுப்பர். ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள முட்டைக்குழியங்களை, அவற்றைப் போர்த்திருக்கும் மெல்லிய உறைகளிலிருந்து நுண்ணிடுக்கியால் ஒவ்வொன்றாக உரித்தெடுப்பர். இது நாள் முழுதும் குனிந்திருந்து செய்ய வேண்டிய வேலை. நுண்கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றினுள்ளும் சில நனோகிராம் எதிரிழை செலுத்தப்படும். ஓரிரு நாள் குளிர்ந்த ஊடகத்தில் வைத்திருக்க, படி துண்டாகும். வேலை முடித்த எதிரிழையும் காலப்போக்கிற் சிதைந்துவிடும். அதன் பின் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனைச் சேர்க்க, முட்டைக்குழியம் முதிர்ந்து முட்டையாகும். அவற்றை உயிர்ச்சாயங்களில் தோய்த்து, ஒரு தொகுதிக்குச் சிவப்பு, ஒரு தொகுதிக்கு நீலம், மற்றொன்றுக்குக் கபிலம் என்று நிறமூட்டுவர். இனி, ஓமோன் ஏற்றப்பட்டு முட்டையிடும் நிலையிலுள்ள வேறொரு பெண் தவளையின் வயிற்றுச் சுவரிற் சிறு துளையிட்டு, நிறமூட்டிய முட்டைகளை உட்செலுத்தித் தைத்துவிடுவர். அச்செவிலித்தாய், தன் முட்டை எது பிறர் முட்டை எது என்று பாராமல், எல்லாவற்றையும் தன் சூலகக்கான் வழியே அனுப்பிக் கூழுறை போர்த்தி இடுகிறது. அதன் முட்டைகளுக்கு நடுவே சிவப்பும் நீலமும் கபிலமும் வந்து விழுகின்றன. விந்தைச் சேர்க்க எல்லாம் ஒருங்கே கருக்கட்டப்படுகின்றன. செவிலியின் சொந்த முட்டைகளும், ஊசி படாத நிறமுட்டைகளும் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன.

இதனைக் கேட்ட வகுப்பில் அம்மாணவி எழுந்து வினவியது பலருக்கும் நினைவில் நின்றது. "ஓலையை எடுத்தீர்கள், பிள்ளை தலையில்லாமற் பிறந்தது. தலைக்கான கட்டளை அந்த ஓலையில் இருந்ததென்று எப்படிச் சொல்வீர்கள், சேர்? ஊசி குத்தியதாலோ, மருந்தாலோ தலை போயிருக்கலாமே?" விரிவுரையாளர் உடனே விடை சொல்லாது, வகுப்பையே விடை தேடுமாறு விட்டார் என்பர். விடை அவ்வினாவினுள்ளேயே இருக்கிறது. எடுத்த ஓலையை மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். எதிரிழை சிதைந்த பின்னர், அதே தூது ஆர்.என்.ஏ.யைச் செயற்கையாகத் தொகுத்துச் செலுத்த, இழந்த தலை மீளுமாயின் குற்றம் ஊசியுடையதன்று. வேறு எந்தப் படியைச் செலுத்தியும் மீளாது, இதனைச் செலுத்தினால் மட்டுமே மீளும் என்னும்போதுதான் சான்று முழுமை பெறுகிறது. மீட்புச் சோதனை இல்லாத அழிப்புச் சோதனையை இத்துறையினர் இன்று எளிதில் நம்புவதில்லை, அது சரியானதே.

இவ்வழியாற் கிடைத்த அறிவு சிறிதன்று. 1994இல் ஹீஸ்மனும் துணைவரும் பீற்றா-கற்றெனின் என்னும் புரதத்தின் தாய்வழிப் படியை அகற்றினர். அம்முட்டைகளிலிருந்து வந்த முளையங்களுக்கு முதுகுப் பக்கமே இல்லை. தலையில்லை, முண்ணாணில்லை, நரம்புக் குழாயில்லை. வயிற்றுத் தன்மை மட்டுமே கொண்ட உருண்டைகளாய் அவை நின்றன. பீற்றா-கற்றெனின் படியைத் திரும்பச் செலுத்தியபோது முதுகு மீண்டது. அதுவரை இப்புரதம் கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசையின் ஓர் உறுப்பாகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. உடலுக்கு முன்பின் திசை வகுக்கும் தாயின் கட்டளையும் அதுவே என்பது இம்முட்டைகளால் உறுதியாயிற்று. 1998இல் அதே குழுவினர் வெஜ்ரீ என்னும் மற்றொரு படியை அழித்தனர். இப்படி முட்டையின் அடிப்பாகத்தில், மஞ்சட்கரு செறிந்த பக்கத்தில் மட்டுமே தாயினால் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பது. அது இல்லாத முளையத்தில் குடலாக வேண்டிய அகத்தோற்படை உருவாகவில்லை. அடிப்பாகத்துக் கலங்கள் தம் கடமை இன்னதென்று அறியாது, பிற படைகளின் கலங்களைப்போல் மாறின. எந்த ஏடு என்பது மட்டுமன்று, அது சுவடியின் எப்பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கட்டளையின் ஒரு பகுதி என்பதற்கு வெஜ்ரீயை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் இம்முறையின் மேல் ஒரு கறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 1992இல் வூல்வ், மெல்ற்றன், ஜெனிங்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை பலரின் உறக்கத்தைக் கெடுத்தது. எதிரிழை முழுமையாக இணைய வேண்டும் என்பதில்லை. பத்து எழுத்தளவு பொருந்தினாலே தவளை முட்டைக்குழியத்தில் ஆர்.என்.ஏ. துண்டிக்கப்படக்கூடும் என்று அவர்கள் காட்டினர். இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. முட்டையில் உள்ள வெவ்வேறு படிகளின் எழுத்துகளையெல்லாம் சேர்த்து 4 கோடி என்று எடுத்துக்கொள்வோர், பதினைந்து எழுத்துள்ள ஒரு தொடர் அதில் தற்செயலாக அமையும் வாய்ப்பைத் தேடினால், நான்கின் பதினைந்தாம் அடுக்கு 107 கோடிக்கு மேற்பட்டதாதலால், அவ்வாய்ப்பு இருபத்தேழில் ஒன்றேயாகும். ஆனாற் பத்தெழுத்துத் தொடருக்கு நான்கின் பத்தாம் அடுக்காகிய 10,48,576 மட்டுமே தடை. ஆதலால் அது ஏறத்தாழ 38 இடங்களில் தற்செயலாகவே அமையும். இருபதெழுத்து எதிரிழையுள் பதினொரு பத்தெழுத்துத் தொடர்கள் அடங்கியுள்ளமையால் 400க்கு மேற்பட்ட இடங்கள் ஆபத்துக்குள்ளாகும். எதிரிழையை நீட்டினால் குறி தவறாது என்று எண்ணியது எவ்வளவு பிழை! நீட்ட நீட்ட அயலவர்க்கு நேரும் சேதமே கூடுகிறது. ஓர் ஓலையை எடுக்கப் போனவன் பக்கத்து ஓலைகளிலும் கீறல் விழச் செய்துவிடுகிறான். பொருந்தாத எழுத்துகள் கலந்த இழைகளைச் செலுத்தி ஒப்பிடுதல், ஒரே படியின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு எதிரிழைகள் அமைத்து எல்லாம் ஒரே விளைவைத் தருகின்றனவா என்று பார்த்தல், எல்லாவற்றிற்கும் மேலாக முன்னர்க் கூறிய மீட்புச் சோதனை ஆகியவை இல்லாவிடின் முடிவுகள் ஐயத்திற்கிடமானவையே.

பின்னர் மோபொலினோ என்னும் வேறு வகைத் தொடர்கள் வந்தன. அவை படியைத் துண்டிப்பதில்லை. படிக்கவிடாது மறைத்து நிற்பவை. 2000ஆம் ஆண்டில் அவை தவளை முளையத்திற் பயன்படத் தொடங்கியபின், பழைய எதிரிழையைப் பலர் கைவிட்டனர். பரம்பரையலகையே வெட்டித் திருத்தும் முறைகள் இன்று பெருகியுள்ளன. எனினும் முளையத்தின் மூல ஏட்டைத் திருத்துவதால், தாய் முன்னரே எழுதி முட்டையில் வைத்த படி அழிந்துவிடாது. அதற்குத் திருத்தப்பட்ட பெண் தவளையையே வளர்த்து, அது முட்டையிடும் பருவம்வரை காத்திருக்க வேண்டும். தாயின் படிகளை அறிய விரும்புவோர்க்கு அந்தப் பழைய ஊசி இன்னும் முற்றாகப் பயனற்றுப் போகவில்லை.

தவளை முட்டையிற் கற்ற பாடம் மருத்துவத்திற்கும் சென்றது. 1998இல் எயிட்சு நோயாளரின் விழித்திரையைத் தாக்கும் வைரசுக்கு எதிராக வொமிவேர்சன் என்னும் எதிரிழை மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முள்ளந்தண்டுத் தசைநலிவு நோய்க்கான நுசினேர்சன் 2016இலும், இயக்க நரம்பு நோயின் ஒரு வகைக்கான தொவேர்சன் 2023இலும் அனுமதி பெற்றன. இவற்றுள் தொவேர்சன், முட்டையில் நிகழ்ந்ததைப் போன்றே ஆர்.என்.ஏ.சு-எச் நொதியத்தைக் கொண்டு படியைத் துண்டிப்பது. இவ்விழைகள் குருதியிற் சிதையாமலும் உரிய கலங்களைச் சென்றடையுமாறும் அவற்றின் வேதியியலை மாற்றியமைத்தவர்களுள் மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற முத்தையா மனோகரன் முன்னணியில் நிற்பவர். நுசினேர்சன் அறிமுகமானபோது முதலாண்டுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை ஏழரை இலட்சம் டொலர். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும் ஒரு தாய்க்கு இவ்வெண் என்ன சொல்லும் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாத்தளைக்கு இவ்விடயத்தில் வேறொரு பங்கு உண்டு. மாவட்டத்தின் கிழக்கெல்லையில், இரத்தோட்டைக்கு அப்பால் உயர்ந்து செல்லும் தும்பறை மலைத்தொடர், ஆங்கிலேயர் தம் விரல்முட்டிகளை நினைந்து நக்கிள்ஸ் என்று பெயரிட்டது, தவளைகளின் களஞ்சியம். அதன் உட்பகுதிகள் 2000ஆம் ஆண்டிற் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டன. 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. காட்டின் கீழ்ப்பகுதியை வெட்டி ஏலம் நட்டு, அதனை உலர்த்த அதே காட்டின் விறகை எரித்த நெடுங்காலம் அதற்கு முன்னிருந்தது. ரிவஸ்டனைக் கடந்து இறங்கினால் வரும் பிட்டவலைப் பத்தனையின் பாறைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத பாறைத் தவளை ஒன்று வாழ்கிறது. 1946இல் கீர்த்திசிங்க என்பார் விபரித்த நன்னோப்பிரிசு மார்மொரேற்றா என்னும் இனம் அது. குளத்தையோ ஓடையையோ அது தேடுவதில்லை. பாறை முகத்தில் நீர் மெல்லிய படலமாக வழியும் இடத்தில் முட்டையிடும். அதன் வாற்பேய்கள் தட்டையானவை. நீந்துவதைவிட ஈரக்கல்லில் ஒட்டி ஊர்வதையே வாழ்வாகக் கொண்டவை. மழை ஒரு வாரம் பிந்தினால் அந்தப் படலம் உலர்ந்துவிடும்.

அதனினும் வியப்புக்குரியன மரத்தவளைகள். சூடோபிலோற்றசு என்னும் சாதியைச் சேர்ந்த இவை வாற்பேய்ப் பருவத்தையே கைவிட்டவை. பெண் தவளை நிலத்தைக் கிண்டிக் குழி செய்து, முட்டையிட்டு, மண்ணோடு புரட்டி மூடிவிட்டுச் செல்லும். சில இனங்கள் இலையில் ஒட்டும். முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடந்து, நான்கு காலுள்ள சிறு தவளையாகவே குஞ்சு வெளிவரும். இலங்கையில் இத்தகைய மரத்தவளை இனங்கள் நூற்றுக்கு மேல் இருக்கலாம் என்று 2002இல் மீகஸ்கும்புர, பெத்தியாகொட முதலியோர் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது உயிரியல் உலகு திரும்பிப் பார்த்தது. அவற்றுட் பல, பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டுமே எஞ்சியவை. நீரில் நீந்தும் பிள்ளை இல்லாததால், முட்டைக்குள் தாய் வைக்க வேண்டிய உணவு மிகுதி. ஆகவே முட்டை பருத்தது, எண்ணிக்கை குறைந்தது. நகத்தவளை ஒரு முறையில் ஆயிரத்தை எட்டும் முட்டைகளை இடுகையில், இவை சில பத்துகளை மட்டுமே இடுகின்றன.

அம்முட்டையுள் வெஜ்ரீ எங்கே இருக்கும்? மாணவியின் ஆய்வுக்கு இதுவே கருவாயிற்று. வினா வீணானதன்று. போட்டோ ரிக்கோத் தீவில் கோக்கீ என்னும் தவளை உண்டு. காக்கைக்குப்போல் அதற்கும் அதன் கூவலே பெயர். அதுவும் வாற்பேயின்றி நேரே வளர்வது. அதன் முட்டை 3.5 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. பருமனில் நகத்தவளை முட்டையினும் ஏறத்தாழ இருபது மடங்கு. ரிச்சர்ட் எலின்சனும் துணைவரும் 2003இல் அதனை ஆராய்ந்தபோது, நகத்தவளை முட்டையின் அடியில் இருக்கும் அதே படிகள் கோக்கீயின் முட்டையில் மேற்பக்கம் நோக்கி இருக்கக் கண்டனர். ஏடு ஒன்றே, வைத்த இடம் வேறு. கோக்கீயும் தும்பறைத் தவளையும் உறவால் மிகத் தொலைவானவை. வாற்பேயைத் தனித்தனியே கைவிட்டவை. இரண்டும் ஒரே வழியில் ஏட்டை இடம் மாற்றினவா, அன்றி ஒவ்வொன்றும் தன் வழியைக் கண்டதா என்பது இத்தீவின் முட்டையைத் திறந்தாலன்றித் தெரியாது.

திறப்பதற்குத்தான் கணக்கு இடந்தரவில்லை. அவள் ஒரு மாலை முழுதும் அக்கணக்கை எழுதிப் பார்த்தாள். ஒரு படியை அழித்துக் காட்டவே ஊசி குத்தியவை, குத்தாதவை, பொருந்தா இழை குத்தியவை, மீட்டவை எனக் குறைந்தது நான்கு தொகுதிகள் வேண்டும். உரிக்கும்போது உடைபவை, முதிராதவை, கருக்கட்டாதவை கழிந்து ஒவ்வொரு தொகுதியிலும் எண்ணத்தக்க அளவு எஞ்ச வேண்டும். செவிலித்தாய் ஒன்று தனியே வேண்டும். நகத்தவளைக்கு ஓரிரு பெண்கள் போதும். தும்பறை மரத்தவளைக்கு எத்தனை பெண்களின் சூலகத்தைத் திறக்க வேண்டும் என்று கூட்டியபோது வந்த தொகை, அவள் இரண்டு மழைக்காலங்களில் மலையிற் கண்ட பெண் தவளைகளின் தொகையை விஞ்சி நின்றது. அழிக்காமற் பார்ப்பது மட்டும், அதாவது முட்டையை மேல்கீழாக வெட்டி எப்பாதியில் எப்படி இருக்கிறது என்று காண்பது, சில முட்டைகளாற் கூடும். காய்ந்து இறந்த முட்டைகளைப் பொறுக்கிப் பயன்படுத்தலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். இறந்த கலத்தில் ஆர்.என்.ஏ. விரைவிற் சிதைந்துவிடும், இறந்த முட்டையில் ஏடு இல்லை, தூள் மட்டுமே உண்டு.

மேற்பார்வையாளர் அவளுக்கு இருவழி காட்டினார். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிற்குச் சென்று நகத்தவளையில் நல்லாய்வு செய்து பட்டம் பெறலாம். அது நேர்வழி, விரைந்து முடியும். அல்லது ஒரே ஒரு திரளிலிருந்து நான்கு முட்டைகளை மட்டும் எடுக்க வனத் திணைக்களத்துக்கும் வனசீவராசித் திணைக்களத்துக்கும் விண்ணப்பித்துக் காத்திருக்கலாம். அனுமதி வராமலும் போகலாம். வந்தாலும் அழிப்பதற்கில்லை, இருக்குமிடம் பார்ப்பதற்கு மட்டுமே. முதல் வழியைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. நகத்தவளை பலவாய் இருப்பதாலன்றோ பீற்றா-கற்றெனினும் வெஜ்ரீயும் தம் பொருளை வெளியிட்டன! அவள் விண்ணப்பம் எழுதினாள். அதில் 'ஆய்வின் பயன்' என்னும் கட்டத்தில் மூன்று முறை எழுதி அடித்தபின், தும்பறை மரத்தவளையின் முட்டையில் வெஜ்ரீ மேலேயா கீழேயா என்று அறிதல் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டாள். வடகீழ்ப் பருவ மழை தொடங்க அப்போது ஆறு வாரங்கள் இருந்தன.